பெரியப்பா இன்னும் கடலைக்கொல்லையில்தான்

குழு: ஆலங்குடி சொந்தங்கள்

வசந்தா (4:12): கிழக்கே கருகருவென்று மேகம் ஏறிவிட்டது. இவர் இன்னும் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சுகிறார். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

பிரியா: அப்பா, தாமினி செயலியில் மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டது. கிளம்புங்கள்.

ஆறுமுகம்: இன்னும் ரெண்டு பாத்திதான். மும்முனை கரண்ட் வந்ததே மூன்று மணிக்கு. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை.

சேகர்: (பலமுறை பகிரப்பட்டது) விண்வெளியிலிருந்தே மின்னலைப் படம் பிடிக்கும் அதிசயக் கேமரா!! இனி மின்னலால் ஓர் உயிர்கூடப் போகாது!!! அனைவருக்கும் பகிரவும் 🙏

ஆறுமுகம்: விழுந்த பிறகு படம் பிடித்து என்ன செய்ய, சேகரு? மாலை போடவா?

பிரியா: அப்பா!!

கார்த்தி: சித்தப்பா, அந்தக் கேமரா உண்மை. உயிரே போகாது என்பது யாரோ சேர்த்த மசாலா. கோஸ்-16 என்ற செயற்கைக்கோளில் 2016இல் அனுப்பினார்கள். 36,000 கி.மீ. உயரத்தில் நின்றபடி விநாடிக்கு 500 படம் எடுத்தது. 2025 முதல் அந்த வேலையை அதே மாதிரிக் கேமராவோடு கோஸ்-19 செய்கிறது. பெரியப்பா கேட்டதற்கும் பதில் இருக்கிறது. இடிமேகம் தரைக்கு அடிப்பதைவிடத் தனக்குள்ளே மின்னிக்கொள்வதுதான் அதிகம். பெரும்பாலும் அது முதலில் தொடங்கும், தரையில் விழுவது பின்னால். மேலிருந்து பார்த்தால் அந்த உள்மின்னலும் தெரியும். நாம் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் அந்தச் சில நிமிடங்கள்தான்.

ஆறுமுகம்: பட்டப்பகலில் டார்ச் அடித்தால் எதிரே நிற்பவனுக்கே தெரியாது. அவ்வளவு உயரத்துக்கு எப்படித் தெரியும்?

கார்த்தி: நல்ல கேள்வி. நடந்துகொண்டே படியுங்கள்.

கார்த்தி: மின்னலின் சூட்டில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ஒரு குறிப்பிட்ட நிறத்தில் பளிச்சிடும். 777.4 நானோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஓரம். அந்த நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி கேமராவில் உண்டு. அப்புறம், வெயில் பட்ட மேகத்தின் வெளிச்சம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மாறாது. அதைக் கழித்துவிட்டால் மின்னல் மட்டும் மிஞ்சும்.

சேகர்: நம் ஊரையும் பார்க்கிறதா?

கார்த்தி: இல்லை சித்தப்பா. அது பார்ப்பது அமெரிக்கா பக்கம். ஐரோப்பா, ஆப்பிரிக்காவுக்கு மீட்டியோசாட் செயற்கைக்கோள் இருக்கிறது, 2022 டிசம்பரில் ஏவியது. நம் ஊர் மேலே 1997 முதல் 2015 வரை டிஆர்எம்எம் என்று ஒரு செயற்கைக்கோள் போய்வந்தது. ஓர் இடத்தைக் கிட்டத்தட்ட 90 விநாடிதான் பார்க்கும், பிறகு நகர்ந்துவிடும். எந்த ஊரில் மின்னல் அதிகம் என்று வரைபடம் போட அது போதும், இன்று மாலை எச்சரிக்க உதவாது. வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிதான் உலகிலேயே மின்னல் அதிகமான இடம் என்று உறுதியானது அதில்தான்.

பிரியா: அப்படியானால் தாமினி எதை வைத்துச் சொல்கிறது அண்ணா?

கார்த்தி: தரையில் நட்ட உணரிகள். புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை நிறுவனம் நடத்துகிறது. பெரியப்பா கொல்லையில் ரேடியோ கேட்கும்போது மின்னினால் கரகர என்று இரையுமே, அந்த அலையைத்தான் பிடிக்கிறார்கள். பல ஊர் உணரிகளுக்கு அது வந்து சேரும் நேர வித்தியாசத்தில் இடம் தெரிந்துவிடும். நடுக்கடலில் உணரி நட முடியாது, ரேடாரும் எட்டாது. விமானத்துக்கும் கப்பலுக்கும் மேலிருந்து பார்க்கிற கண் அங்கேதான் வேண்டும்.

வசந்தா: பாடம் இருக்கட்டும் கார்த்தி. அவர் கிளம்பினாரா?

ஆறுமுகம்: வேகமாக வந்தால் பனைமரத்தடியில் ஒதுங்கிக்கொள்கிறேன். சும்மா பயப்படாதே.

பிரியா: பனைமரமா???

சேகர்: அண்ணே, போன வருஷம் நம் குளத்துக்கரைப் பனை எரிந்ததை மறந்துவிட்டீர்களா?

ஆறுமுகம்: அது கொட்டும் மழையில். இன்றைக்கு மேகம் கீரமங்கலம் பக்கம் நிற்கிறது. நம் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கிறது.

கார்த்தி: பெரியப்பா, இதைக் கேளுங்கள். 2017 அக்டோபர் 22இல் நான் இருக்கும் அமெரிக்காவில், கிழக்கு டெக்சாஸில் தொடங்கிய ஒரே மின்னல் கான்சாஸ் சிட்டி பக்கம் வரை ஓடியது. 829 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போனாலே 700 சொச்சம்தான். கோஸ்-16 எடுத்த படங்களைத் திரும்ப ஆராய்ந்து, 2025 ஜூலையில்தான் உலக சாதனை என்று அறிவித்தார்கள். அது அபூர்வம், சரி. ஆனால் 10, 15 கி.மீ. பக்கவாட்டில் வந்து வெளுத்த வானத்தின் கீழே விழும் மின்னல் எந்த ஊரிலும் உண்டு. மழை வரட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. இடி காதில் விழுந்தால் அதன் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

கார்த்தி: அங்கே இடி கேட்கிறதா?

(4:31) கார்த்தி: பெரியப்பா?

வசந்தா: இங்கே ஒரு இடி இடித்தது, பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அர்ச்சுனா அர்ச்சுனா.

பிரியா: அப்பா, ஒரு வார்த்தை போடுங்கள்.

சேகர்: நான் மேலத்தெரு பையனுக்கு போன் போடுகிறேன்.

(4:44) ஆறுமுகம்: வீட்டுக்கு வந்துவிட்டேன். சைக்கிளில் வரும்போது போனில் தட்ட முடியுமா?

பிரியா: 🙏🙏

ஆறுமுகம்: நான் பாத்தியை விட்டுக் கிளம்பியது இடிக்குப் பயந்து இல்லை. கார்த்தி கணக்கைச் சொன்னான், கீரமங்கலம் எங்கள் கொல்லையிலிருந்து அந்த 15க்குள் வருகிறது.

வசந்தா: மோட்டாரை நிறுத்தினீர்களா?

ஆறுமுகம்: ...

ஆறுமுகம்: ஒரு எட்டு போய் ஸ்டார்டரை அணைத்துவிட்டு வருகிறேன்.

கார்த்தி: வேண்டாம் பெரியப்பா! இந்த நேரத்தில் ஸ்டார்டர் பெட்டியில் கை வைக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகட்டும். இங்கே பையன்களின் கால்பந்து மைதானத்திலேயே அதுதான் சட்டம், இடையில் ஒரு இடி கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்.

ஆறுமுகம்: தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடுமே.

வசந்தா: போகட்டும். செருப்பையும் சைக்கிள் சாவியையும் ஒளித்து வைத்துவிட்டேன்.