ஆங்கில வழியில் படிக்கும் பத்து வயதுப் பையனுக்கு எந்தத் தமிழ்ப் புத்தகங்கள் பொருந்தும்?

திருச்சி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. இருவரும் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். மகன் ஆங்கில நாவல்களை விரைவாக முடித்துவிடுகிறான். தமிழில் ஒரு பத்தியைக் கடப்பதற்கே எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. அவனால் வாசிக்க முடிகிற படக்கதைகளைக் கொடுத்தால், பாப்பா புத்தகம் என்று தங்கையிடம் தள்ளிவிடுகிறான். பத்து வயதுக்கு மேல் என்று அட்டையில் போட்டிருப்பதைக் கொடுத்தால், மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறான். இப்போதே 'பொன்னியின் செல்வ'னில் பழக்குங்கள் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். வயதைப் பார்த்து வாங்குவதா, வாசிக்கும் திறனைப் பார்த்து வாங்குவதா என்று தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மதுரை வாசிப்பு வட்டம்:
வணக்கம் அம்மா. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் எங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள். இவர்கள் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற தமிழுக்கும் கண்ணால் வாசிக்க முடிகிற தமிழுக்கும் நான்கைந்து வயது இடைவெளி இருக்கிறது. ஒரே புத்தகத்தால் இரண்டையும் ஈடுகட்ட முயன்றால் தோல்விதான் மிஞ்சும். எனவே நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கு ஒரு வரிசையும் அவன் தானாக வாசிப்பதற்கு இன்னொரு வரிசையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக வாசிப்பதற்குக் கதைகளைவிட அறிவியல் செய்திகளே நல்ல தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. பாம்பைப் பற்றியோ விண்கலத்தைப் பற்றியோ எளிய வாக்கியங்களில் எழுதினாலும் பத்து வயதுப் பிள்ளை அதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவதில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழில் சிறு கட்டுரைகளும் புதிர்களும் கிடைக்கும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்களை இலவசமாகப் பதிவிறக்கலாம். அங்கே வயதைச் சொல்லாமல் நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலையில் 250 சொற்களுக்குள், இரண்டாவதில் 600 வரை, மூன்றாவதில் 1500 வரை, அதற்கு மேற்பட்டவை நான்காவதில். உங்கள் மகனுக்கு இரண்டாம் நிலையிலுள்ள அறிவியல், இயற்கை நூல்களிலிருந்து தொடங்குங்கள்.

சித்திரக்கதைகளைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பேச்சுக் குமிழில் இரண்டு வரிதான் இருக்கும். மீதியைப் படமே சொல்லிவிடும். லயன் காமிக்ஸ் வெளியிடும், லக்கி லூக் என்ற கௌபாயின் நகைச்சுவைக் கதைகள் இந்த வயதுக்கு மிகவும் பொருந்தும். (அவர் வாயில் முன்பு சிகரெட் இருக்கும். 1983 முதல் அதற்குப் பதிலாக ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார்கள்.) ஆனால் அதே பதிப்பகம் பெரியவர்களுக்கான கிராஃபிக் நாவல்களையும் வெளியிடுவதால், வாங்கும் முன் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஊராட்சிப் பள்ளி ஆசிரியர்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பெயரிட்டிருக்கிறார்கள். எந்த நூலிலும் வகுப்பைக் குறிப்பிடவில்லை என்பதால் ஏழாம் வகுப்பு மாணவர் கூச்சமில்லாமல் 'நுழை' வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். வீட்டிலும் இந்தக் கண்ணியத்தைப் பிள்ளைக்குத் தர வேண்டும். தங்கை வாசிப்பதையும் அவன் வாசிப்பதையும் ஒப்பிட்டுப் பேசவே கூடாது.

வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். ஒன்றிரண்டு மடங்கினால் அவன் கையிலேயே கொடுத்துவிடலாம்.

'பொன்னியின் செல்வன்' குறித்து: அது 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த ஐந்து பாகப் பெருநாவல். எழுத்துக் கூட்டும் நிலையில் கொடுத்தால் அந்த நாவலையே வெறுத்துவிடுவான். பதின்மூன்று, பதினான்கு வயதில் தானாகத் தேடி எடுக்கட்டும். வரலாற்றில் ஆர்வம் இருந்தால், கீழடியின் பழங்காலத்துக்குள் ஒரு சிறுவனை அழைத்துச் செல்லும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். முதல் சில அத்தியாயங்களை நீங்கள் வாசித்துக் காட்டினால் மீதியை அவனே தொடரக்கூடும்.

கோவை நூலகர்:
வாசித்துக் காட்டுவதற்கு என் முதல் பரிந்துரை, ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்லும், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. அத்தியாயங்கள் சிறியவை. ஓடாத ரயில் பெட்டிகளில் வகுப்பு நடத்தும் பள்ளி என்பதைக் கேட்டவுடனேயே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆறு வயது மகளும் பக்கத்தில் அமர்ந்து கேட்கலாம். அவளுக்கென்று தனியே வாங்க, தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப்புத்தகங்களும் அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் போதும்.

திருச்சி வாசகி:
மூவருக்கும் மிக்க நன்றி. டோட்டோ-சானில் ஒரு சிறுவன் இறந்துவிடுவதாகவும் பள்ளி குண்டுவீச்சில் எரிந்துபோவதாகவும் கேள்விப்பட்டேன். மகள் உடன் இருக்கும்போது அந்தப் பகுதிகளைத் தவிர்த்துவிடலாமா?

கோவை நூலகர்:
தவிர்க்க வேண்டாம் என்பேன், அம்மா. மரணம் இடம்பெறுவதாலேயே ஒரு நூல் குழந்தைகளுக்கு ஆகாததாகிவிடாது. அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போலியோவால் பாதிக்கப்பட்ட அந்த நண்பனை டோட்டோ-சான் பெரும்பாடுபட்டு மரத்தில் ஏற்றிவிடுவதை முன்பே கேட்டிருப்பதால், பிள்ளைகள் அவன் பிரிவைத் தோழியின் துக்கமாகவே உள்வாங்கிக்கொள்வார்கள். நூலில் அதிர்ச்சியூட்டும் விவரிப்பு எதுவும் இல்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா' இதற்கு நேர்மாறானது. கதையின் நாயகி பள்ளி மாணவி, நூலும் மிகச் சிறியது என்பதால் பலர் சிறு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியர்களின் அடியும் அந்தச் சிறுமியின் முடிவும் பெரியவர்களையே நிலைகுலைய வைப்பவை. உயர்நிலை வகுப்புக்கு முன்னால் அது வேண்டாம்.

எரியும் பள்ளியின் அத்தியாயத்தை மட்டும் இரவில் வாசிக்காமல், விடுமுறை நாளின் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல நேரம் வேண்டும்.