அசெம்பிள் செய்வதா, பிராண்டு டெஸ்க்டாப் வாங்குவதா? ஆல்பம் வேலைக்கு எது கட்டுப்படி ஆகும்?

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:
வணக்கங்க. சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை, எப்போதாவது வீடியோ எடிட்டிங்கும் வரும். இப்போதிருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது, 10-க்கு 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்துவிட்டது, அதனால் மாற்றியே ஆக வேண்டும். கிருஷ்ணகிரி டவுனில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து தர 62,000 சொன்னார்கள்: ஐ5-12400 பிராசசர், 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, மானிட்டர் தனி. ஒரு ஷோரூமில் பிராண்டு டெஸ்க்டாப், அதுவும் ஐ5தான், 66,000. ஆனால் ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 512. அசெம்பிள் என்றால் பாதி விலை என்று பேச்சு, இங்கே வித்தியாசம் வெறும் நாலாயிரம்தான். கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு போனால் குறையுமா? மச்சான் வேறு பிராண்டே வாங்குங்க மாமா என்று பிடிவாதமாக நிற்கிறான்.

ஓசூர்க்காரன்:
முதலில் அந்த 62,000-ல் விண்டோஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். "போட்டுத் தர்றோம் சார்" என்றால் அது லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் 11 ஹோம் தனியாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். அதைச் சேர்த்தால் அசெம்பிள் 72,000 ஆகிவிடுகிறது, பிராண்டில் அது விலைக்குள்ளேயே அடக்கம். ஆனால் பிராண்டில் ரேமையும் எஸ்எஸ்டியையும் ஏற்ற வேண்டும், ஆல்பம் வேலைக்கு 8 ஜிபியை வைத்துக்கொண்டு ஃபோட்டோஷாப்பில் பத்து ஷீட் திறந்தால் மூச்சு வாங்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே கம்பெனிகள் மெமரியைத் திருப்பி விடுகிறார்கள். அதனால் கூடுதல் ரேம் போட எவ்வளவு ஆகும் என்று இன்றைய விலையில் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள், போன வருஷத்து யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம்.

பாலக்கோடு சர்வீஸ்:
சர்வீஸ் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், விலையை விட எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியைப் பாருங்கள். பிராண்டு டவரின் பக்கத் தகட்டைக் கழற்றினால் பல அலுவலக மாடல்களில் 180, 200 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கும், மதர்போர்டில் செருகும் கனெக்டரும் வழக்கமான 24 பின் இல்லை, அந்தக் கம்பெனியுடையதே வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி ஒயரும் பல மாடல்களில் வராது. வாரண்டி முடிந்த பிறகு அது போனால் தர்மபுரியில் கடை கடையாகத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம், ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அசெம்பிள் பெட்டி என்றால் எந்தக் கடையிலும் வேறு ஒன்று எடுத்து மாட்டி அன்றைக்கே ஓட்டிவிடலாம்.
அதற்காக அசெம்பிள் எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை. கேபினெட்டோடு சேர்த்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், மேலே 450 வாட் ஸ்டிக்கர் இருக்கும், எடையே இருக்காது. நம் பக்கம் கரண்ட் ஏறி இறங்கும் லட்சணத்துக்கு அது முதலில் போகும், போகும்போது மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். பில்லில் எஸ்எம்பிஎஸ் தனி வரியாக, கம்பெனி பெயர், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற தரச் சான்று, சீரியல் நம்பரோடு வர வேண்டும் என்று கேளுங்கள். முனகுவார்கள், விடாதீர்கள்.

கணக்குப் பிள்ளை:
எஸ்.பி. ரோடு பற்றி யாரும் பேசவில்லையே. கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான், கடைக்குக் கடை விலை விசாரித்தால் குறையத்தான் செய்யும். ஆனால் உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? இருந்தால் 18 சதவீதத்தையும் வரவு எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், 62,000-ல் வரி மட்டுமே ஒன்பதாயிரத்துக்கு மேல். அங்கே கடையில் சிஜிஎஸ்டி, கர்நாடக எஸ்ஜிஎஸ்டி என்று உள்ளூர் விற்பனையாகப் பில் கொடுத்துவிட்டால் அந்த வரவு தமிழ்நாட்டுப் பதிவுக்கு வராது. வெளிமாநில விற்பனைக்குப் போடும் ஐஜிஎஸ்டி பில் தருவார்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எங்கே வாங்கினாலும் வரவு கிடையாது. அப்புறம் ஒரு பாகம் பழுதானால் வாரண்டிக்கு அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் அலைய வேண்டும், உள்ளூர்க் கடை என்றால் அவர்களே அனுப்பி வாங்கித் தருவார்கள்.

காவேரிப்பட்டணம் ஸ்டுடியோ:
எல்லோருக்கும் நன்றிங்க. கடையில் கேட்டேன், விண்டோஸ் அதில் இல்லையாம். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, ரெகுலர்தான். எனக்குப் பயம் எல்லாம் ஆவணி முகூர்த்த நேரத்தில் மெஷின் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். பிராண்டில் ஆள் வீட்டுக்கே வந்து சரி செய்வார்களாமே?

பாலக்கோடு சர்வீஸ்:
வருவார்கள், ஆனால் உங்கள் பின்கோடுக்கு மறுநாளே வருவார்களா என்று வாங்கும் முன் கேளுங்கள் சார். டவுனுக்குச் சொல்லும் கணக்கு கிராமத்துக்குப் பொருந்தாது. உங்கள் நிலையில் நான் உள்ளூரில் அசெம்பிள்தான் செய்வேன், லைசென்ஸ் விண்டோஸோடு, ஆடி மாதத்திலேயே. வேலை இல்லாத நேரத்தில் ஓட்டிப் பார்த்தால் கோளாறு அப்போதே தெரிந்துவிடும். பழைய மெஷினையும் விற்காதீர்கள், பேக்கப்புக்கு இருக்கட்டும்.

ஓசூர்க்காரன்:
இன்னொன்று, பில்லில் 12400-க்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. எஃப் போட்டுத்தான் 62,000 என்றால் இன்னும் பேரம் பேசுங்கள்.