பொருள்: கருவளப் பொம்மையா, பூப்புப் பாவையா?

அன்புள்ள குழுவினருக்கு,

தான்சானியாவில் தாருஸ்ஸலாமைச் சுற்றி வாழும் ஜராமோ மக்களின் 'முவானா ஹிட்டி'க்கு அருங்காட்சியக அட்டை எழுதுகிறோம். ஒரு சாணுக்குள் அடங்கும் மர உரு. உருளை உடல், சிறு மார்பகங்கள், இரு மடலாகப் பிரிந்த கொண்டை, கைகால் கிடையாது. இப்போதைக்குக் 'கருவளப் பொம்மை' என்று போட்டிருக்கிறோம். 'மரப்பாச்சி' எனலாமா?

> மரப்பாச்சி எனலாமா?

வேண்டாம் ஐயா. சுரைக்குடுக்கையிலும் செய்வதுண்டு, 'மரம்' பொருந்தாது. 'பொம்மை'யும் இடிக்கிறது. பூப்பெய்திய பெண்ணைத் தனியே அமர்த்துவார்கள். அவளுக்கு 'முவாலி' என்று பெயர். அந்நாட்களில் அவள் இந்த உருவைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, தலைவாரிப் பிள்ளையாகவே பேண வேண்டும். பேணாமல் விட்டால் பிள்ளைப்பேறு தடைப்படும் என்பது நம்பிக்கை. விளையாட்டுச் சாமான் அல்லவே! 'பூப்புப் பாவை' என்பது என் பரிந்துரை. எந்தச் சடங்குக்கு உரியது என்பது பெயரிலேயே தெரியும்.

> பூப்புப் பாவை என்பது என் பரிந்துரை.

கையில் வைத்துப் பேணும் உருவுக்குச் சரி. ஆனால் இதே உருளையும் கொண்டையும் கைத்தடியின் முனையிலும் கல்லறைக் கம்பத்திலும் வருகின்றனவே? கல்லறையில் நிற்பதைப் பூப்புப் பாவை என்றால் படிப்பவர் குழம்பிப்போவார். ஜராமோக்கள் தாய்வழிச் சமூகம். குலம் தொடர்வதுதான் இந்த உருவின் உட்பொருள். அண்டையிலுள்ள குவேரே மக்களிடமும் இது உண்டு. 'கருவளம்' மருத்துவச் சொல்லாகவே இருக்கட்டும்.

> கல்லறையில் நிற்பதை...

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் தனிப் பாவைக்கு மட்டும் 'பூப்புப் பாவை'. பிற பொருள்களில் செதுக்கியிருந்தால் 'முவானா ஹிட்டி உரு'. 'ம்வானா' என்று எழுத வேண்டாம், மெய்யில் தொடங்கினால் அகரவரிசையில் தேடுபவர் கைக்குச் சிக்காது.

உறுப்புப் பெயர்களில் ஒரு திருத்தம். வரைவில் உடலை 'முண்டம்' என்றிருக்கிறது. தலையில்லாத உடலுக்கல்லவா அந்தப் பெயர்? இதில் தலைதான் முக்கியம். 'உடற்தண்டு' போதும். கொண்டைக்கு 'இருமடல் கொண்டை'. 'நிலை' என்ற கட்டத்தில் 'அழுக்கு' என்று எழுதியிருப்பதையும் உடனே நீக்குங்கள். அந்தக் கருமை பல கைகள் தடவிய எண்ணெய். அழுக்கு என்று அட்டை சொன்னால் துப்புரவு செய்பவர் கரைப்பான் போட்டுத் துடைத்துவிடுவார், பாவை பேணப்பட்டதற்கான தடயமே போய்விடும். 'எண்ணெய்ப் படிவு, துடைக்கலாகாது' என்று மாற்றுங்கள்.