பூனை தெரிந்தது, குழி தெரியவில்லை: நாயோடு இரவில் நடப்பவர்களின் டார்ச் அனுபவங்கள்

கருப்பியின் ஆள்

எங்கள் கருப்பிக்கு 9 வயது. பெயருக்கு ஏற்ற நிறம். இரவு பத்து மணிக்கு மேல் வெளியே போனால், கயிற்றின் மறுமுனையில் அவள் இருக்கிறாள் என்பது கயிறு இழுபடுவதை வைத்துத்தான் தெரியும். அதனால் டார்ச் வாங்கும்போது எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதை மட்டும்தான் பார்த்தேன். முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்சம் குவியும், தள்ளினால் விரியும், அந்த ரகம். அட்டையில் போட்டிருந்த லூமன் கணக்கு, அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவு, ஐந்து இலக்கம். உள்ளே போட்டதோ மூன்று சுண்டுவிரல் அளவு பேட்டரி. அவ்வளவு வெளிச்சம் அதிலிருந்து வரவே வராது என்று இப்போது தெரிகிறது. அன்று பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் ஒற்றையடிப் பாதையில் கருப்பி சட்டென்று நின்றாள். முதுகு முடி சிலிர்த்துவிட்டது, தொண்டைக்குள் ஓர் உறுமல். நான் வெளிச்சத்தை முழுதாகக் குவித்து எதிரே அடித்தேன். தூரத்தில், தரையை ஒட்டி, இரண்டு பச்சைப் புள்ளிகள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தெரியட்டுமே என்று அதையே பார்த்தபடி இரண்டு அடி முன்னால் வைத்தேன். இரண்டாவது அடிக்குத் தரை இல்லை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி.

புள்ளிகளுக்குச் சொந்தக்காரர் ஒரு பூனை. நான் விழுந்த சத்தத்தில் அது ஓட, கருப்பி அதன் பின்னால் ஓட, என் ஒரு கால் குழிக்குள், ஒரு கை கயிற்றில். டார்ச் உருண்டு போய், இந்தக் காட்சி முழுவதற்கும் நன்றாக வெளிச்சம் காட்டியது. கணுக்கால் வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது.

படுத்தபடி யோசித்ததில் புரிந்தது இதுதான். பளிச்சென்ற சின்ன வட்டத்தையே பார்க்கும் கண் அந்த வட்டத்துக்குப் பழகிவிடுகிறது. அதற்கு வெளியே இருப்பதெல்லாம், டார்ச்சே இல்லாமல் நடந்தால் தெரிவதைவிட மோசமாகத்தான் தெரியும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க ஓரிரு நொடி போதும்.

இப்போது கையில் இருப்பது 40, 50 லூமனில் பரவலாக எரியும் ஒரு சின்ன டார்ச். காலடியிலிருந்து நாய் வரை ஒரே சீராகத் தெரிகிறது. மூன்று மடங்கு நிம்மதி. ஆனாலும் உறுமல் கேட்கும்போது தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

இரண்டு நாய்க்காரி

எனக்குக் கை இரண்டுதான், அதுவும் இரண்டு கயிற்றுக்குப் போய்விடும். அதனால் நெற்றியில் கட்டும் ஹெட்லேம்ப். உங்கள் உறுமல் பிரச்சினைக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது என்பேன். காரணம் இருக்கிறது. நாய், பூனை, மாடு, மான் போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. உள்ளே போகும் வெளிச்சத்தை அது வந்த வழியே திருப்பி அனுப்பும். வந்த வழியே என்பதுதான் முக்கியம். விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த மினுக்கம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் பாதி தவறிவிடும்.

இது தெரியாத காலத்தில், முதல் முறை ஹெட்லேம்ப் போட்ட அன்று புல்வெளி முழுக்கப் பச்சைப் பொடி தூவியது போல மினுங்கியது. பனித்துளி என்று நினைத்தேன். ஒரு துளி எழுந்து நடந்தது. அத்தனையும் ஓநாய்ச் சிலந்திகள்! அவற்றின் கண்ணிலும் அந்தப் படலம் உண்டாம். தெரிந்துகொள்ளாமலேயே இருந்திருக்கலாம். அந்தப் புல்லில் இப்போது கால் வைக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: பாம்பின் கண்ணில் இந்த மினுக்கம் இருக்காது. எதுவும் மினுங்கவில்லையே, பாதை காலி என்று நம்பிவிடாதீர்கள்.

ஹெட்லேம்ப்பின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பூச்சிகள் நேராக முகத்துக்கு வரும். மூடுபனியிலும் தூறலிலும் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், எதிரே வெள்ளைத் திரைதான். எதிரே வருபவர் நின்று பேசினால், நாம் அவர் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் கண் கூசும். என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவார். மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மாடிப்படி மனிதர்

ஒரு கையில் கயிறு, ஒரு கையில் நாய்க் கழிவை அள்ளும் பை, டார்ச்சை வாயில் கடித்துக்கொள்வது. இதை எத்தனை பேர் செய்கிறீர்கள்? நானும் செய்தவன்தான். லித்தியம் பேட்டரி போட்ட டார்ச்சை மட்டும் தயவுசெய்து கடிக்காதீர்கள். பேட்டரி பழுதானால் மூடிய குழாய்க்குள் வெடிக்கக்கூடிய சாமான் அது. கழுத்தில் மாட்டுங்கள், பையில் செருகுங்கள், நாயிடம்கூடக் கொடுங்கள்.

ராணியின் அம்மா

ஹெட்லேம்ப் பற்றி இன்னொன்று. கண்ணுக்கு நேர் மேலே இருந்து வெளிச்சம் போனால் நிழலே விழாது. கல்லும் பள்ளமும் ஒரே தட்டையாகத் தெரியும். கருப்பியின் ஆள் அன்று ஹெட்லேம்ப் போட்டிருந்தாலும் குழியில் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. இடுப்பு உயரத்தில் இருந்து அடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் நீளும், மேடு பள்ளம் தானே தெரியும். ‘எல்’ எழுத்து மாதிரி தலை வளைந்த டார்ச் ஒன்றை பெல்ட்டில் செருகிக்கொள்கிறேன். கையும் காலி, எதிரே வருபவர் கண்ணும் பிழைத்தது.

ஆனால் நான் எழுத வந்தது நிறத்தைப் பற்றி. எங்கள் ராணிக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது. தினமும் இரவு நடையில் அள்ளிப் போடுவது நான்தான். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. ஒரு நாள் காலையில் கூட்டிப் போனபோதுதான் பார்த்தேன், ரத்தம் கலந்திருந்தது. கால்நடை மருத்துவர் எத்தனை நாளாக என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ராணி தேறிவிட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சி.ஆர்.ஐ. என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரை போகும் அளவுகோல் அது. சாதாரண எல்.இ.டி. டார்ச்சுகள் 70 பக்கம் இருக்கும், 90-க்கு மேல் உள்ளவையும் கிடைக்கின்றன. சிவப்பில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கூடவே வெளிச்சத்தின் நிறம் 6500 கெல்வின் என்றால் நீலச் சாயல், 4000 பக்கம் வந்தால் கண்ணுக்கு இதம். லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும். காய்ந்த இலைக் குவியலில் அள்ள வேண்டியது எது, இலை எது என்று கண்டுபிடிக்கவும் இதுதான் உதவுகிறது. பழைய டார்ச்சில் நான் எத்தனை இலைகளைப் பக்தியோடு அள்ளி வந்திருக்கிறேன் தெரியுமா!

டைகர் பாதுகாவலர்

அவிழ்த்துவிட்ட நாய் பாய்ந்து வந்தால் பளிச் பளிச் என்று வெட்டும் ஸ்ட்ரோபை அடி, ஓடிவிடும் என்று ஒருவர் சொன்னார். அதற்காகவே அந்த வசதி உள்ள டார்ச் வாங்கினேன். சந்தர்ப்பமும் வந்தது. எதிரே ஒரு பெரிய நாய், காது நிமிர்ந்து, மெதுவாக வருகிறது. அடித்தேன்.

அந்த நாய் நின்று வேடிக்கை பார்த்தது. டைகர்தான் மிரண்டுபோய்ப் பின்வாங்கி, கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு வீட்டுத் திசையில் ஓடிவிட்டான். எனக்கும் கண்ணெதிரே ஊதாப் பொட்டுகள்தான் மிதந்தன. பெரிய நாயும் நானும் கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம் அது என்னைக் கூட்டிப் போவது போல வாசல் வரை கூடவே வந்தது. ஆக, பாதுகாவலர் என்று பெயர் வைத்துக்கொண்டது வீண்.

நாயின் கண் மங்கலான வெளிச்சத்துக்கு என்றே அமைந்தது. நமக்கு ‘கொஞ்சம் கூசுகிறது’ என்றால் அதற்கு அதைவிட அதிகம். இப்போது சீரான வெளிச்சத்தை வருகிற நாயின் காலடியில் வைக்கிறேன், டைகரை என் பின்பக்கம் கொண்டு வருகிறேன், பக்கவாட்டில் விலகி நடக்கிறேன். ஸ்ட்ரோப் முதல் அழுத்தத்திலேயே வரும் டார்ச்சை வாங்காதீர்கள். சாதாரணமாக எரிய வைக்கும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

விளிம்பு கூர்மையான வெளிச்ச வட்டத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குட்டியாக இருந்தபோது டைகருக்கு அந்த வட்டத்தை ஆட்டி விளையாட்டுக் காட்டினேன். பிறகு சுவரில் எந்த வெளிச்சம் அசைந்தாலும் விரட்டத் தொடங்கினான். சில நாய்களுக்கு இது விட முடியாத பழக்கமாகவே ஆகிவிடும். லேசர் பொட்டும் அப்படித்தான். மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆனது.

பேட்டரிப் பைத்தியம்

எண் சொல்ல ஆள் வேண்டாமா? சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். முடியாது என்று எனக்கே தெரியும்.

அட்டையில் ‘200 மீட்டர்’ என்று இருந்தால், எஃப்.எல்.1 என்ற தர விதிப்படி, அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ் என்று பொருள். கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு அளவு. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், அது என்ன என்று தெரியாது. பாதித் தூரத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். நாய் நடைக்கு 100 மீட்டர் என்று போட்ட டார்ச்சே தாராளம்.

எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எரியத் தொடங்கி 30 நொடிக்குப் பிறகு இருக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கில் சேரும். 1000 லூமனில் ஐந்து மணி நேரம் என்று அட்டை சொன்னால், முதல் சில நிமிடத்திலேயே சூடு தாங்காமல் தானே இறங்கி, மீதி நேரம் எல்லாம் சின்ன வெளிச்சத்தில் ஓடியிருக்கலாம். அதனால் 100 லூமன் நிலையில் எவ்வளவு நேரம் என்று மட்டும் பாருங்கள்.

பேட்டரி: 18650 என்ற லித்தியம் பேட்டரி என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். தினம் நடப்பவர்களுக்கு இதுதான் என் தேர்வு. டபுள் ஏ போதும் என்பவர்கள் சார்ஜ் செய்யும் நிக்கல் வகையைப் போடுங்கள். சார்ஜ் ஏற்ற முடியாத சாதாரண அல்கலைனை உள்ளேயே மறந்துவிட்டால் கசிந்து டார்ச்சையே தின்றுவிடும். 14500 என்ற லித்தியம் பேட்டரி பார்க்க டபுள் ஏ போலவே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டார்ச்சில் அதைப் போட்டு ஒன்றை நான் கொன்றிருக்கிறேன்.

டைப்-சி துளை இருக்கிறதே என்று எந்த சார்ஜரிலும் ஏறும் என நினைக்காதீர்கள். சில டார்ச்சுகள் இரு முனையும் சி ஆன கேபிளில் ஏறவே ஏறாது. பழைய அகல முனை உள்ள கேபிளில் போட்டால் ஏறும். பழுது என்று நான் திருப்பி அனுப்பிய டார்ச் நல்ல டார்ச்தான் என்று பிறகு புரிந்தது.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி.எக்ஸ். குறியில், மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 போதும். நாய் குட்டையில் இறங்கி உங்களையும் இழுக்கும் ரகம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.7.

மாடிப்படி மனிதர்

போனில் இருக்கும் லைட் போதாதா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்கிறேன்: அணில், இழுப்பு, போன் தரையில், திரை நொறுங்கியது. அவ்வளவுதான்.

சைக்கிள்காரன்

என்னிடம் நாய் இல்லை. நாயை நடத்துபவர்களுக்கு நடுவே இரவில் சைக்கிள் ஓட்டுகிறவன். அடுத்த பக்கத்திலிருந்து ஒரு அனுபவம்.

பாதையின் இடது ஓரம் ஒருவர் நிற்கிறார். என் சத்தம் கேட்டுத் திரும்பி டார்ச்சை நேராக என் முகத்தில் அடித்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆள் நிற்கிறார் என்பது மட்டும் நினைவில் இருந்தது. வலது பக்கம் ஒதுங்கினேன். அவருடைய நாய் அங்கேதான் இருந்தது. இருவருக்கும் நடுவே, முழங்கால் உயரத்தில், கறுப்புக் கயிறு.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கை போயிற்று. அவர் நிறைய மன்னிப்புக் கேட்டார், டார்ச்சை இன்னும் என் முகத்தில் பிடித்தபடியே.

அவருடைய நாய்க்கு மினுக்கும் கழுத்துப் பட்டை இருந்தது. ஆனால் அது அடர்ந்த முடிக்காரன், வெளிச்சம் முடிக்குள்ளேயே புதைந்துவிட்டது. முடி அதிகமான நாய்க்குப் பட்டையைவிட முதுகுக்கு மேல் வரும் பளபளப்புச் சட்டை மேல். ஒளியைத் திருப்பி அனுப்பும் நூல் பின்னிய கயிறும் கிடைக்கிறது. என் விளக்கு பட்டதும் கோடு போட்டதுபோல் தெரியும். யாராவது வந்தால் டார்ச்சைக் கீழே, உங்கள் நாயின் மேல் காட்டுங்கள். எனக்கு இருவரும் தெரிவீர்கள்.

கருப்பியின் ஆள்

சைக்கிள்காரரே, முகத்தில் அடித்தவன் நானில்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம். கருப்பிக்குச் சட்டையும் அந்தக் கயிறும் வாங்கியாகிவிட்டது. முதல் நாள் சட்டையை மாட்டியதும் சிலை மாதிரி நின்றாள், அடுத்த நாள் மறந்துவிட்டாள்.

புது டார்ச் வாங்கவில்லை. இருக்கிற சின்னதையே பெல்ட்டில் செருகி நடக்கிறேன். நேற்று அதே பாதை, குழிக்கு இந்தப் பக்கம் கருப்பி மறுபடி நின்றாள், அதே உறுமல். எதிரே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாய்க்காரி சொன்னது நினைவுக்கு வந்து, டார்ச்சை உருவிக் காதோரம் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அதே வெளிச்சம்தான், 50 லூமன். பச்சைப் புள்ளிகள் உடனே எரிந்தன, அதே இடத்தில். பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, இன்னும் மூன்று ஜோடி.

குட்டி போட்டிருக்கிறது. நாங்கள் வேறு வழியாக வீடு திரும்பினோம்.