ஊரணி தூர்வார அனுமதி: யாரிடமாவது ஒப்பந்த மாதிரி இருக்கிறதா?

நண்பர்களே, வணக்கம். எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். ஊரணியைத் தூர்வாரப் பணமும் ஆளும் தயார்; அனுமதிதான் நகரவில்லை. ஊராட்சித் தலைவர் வாய்நிறையச் சம்மதிக்கிறார். எழுத்தில் கேட்டால், "ஒன்றியத்தில் கேளுங்கள்" என்கிறார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ, "கிராம சபைத் தீர்மானம் எங்கே?" என்கிறார்கள். மனுவின் நகலில் ஊதா முத்திரை விழுந்து நான்கு மாதம் ஆகிறது, முத்திரையே வெளுத்துவிட்டது.

சென்ற கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியதாகச் சொன்னார்கள். பதிவேட்டைப் புரட்டினால் தெருவிளக்கு மட்டுமே இருக்கிறது! அக்டோபர் 2 கூட்டத்தை விட்டால் நவம்பர் 1. அதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், பிறகு பொக்லைன் இறங்காது.

ஊராட்சியோடு ஒப்பந்தம் போட்டு இப்படி வேலை முடித்தவர்கள் அதன் நகலைப் பகிர முடியுமா? குறிப்பாக, எடுக்கும் வண்டல் மண் யாருக்குச் சேரும், பிறகு கரையைப் பராமரிப்பது யார் என்பதை எப்படி எழுதினீர்கள்? மண்ணைக் காட்டித்தான் எங்களைச் சந்தேகிக்கிறார்கள். தீர்மான வாசகத்தை நாங்களே எழுதிக் கொடுக்கலாமா?

எங்கள் மனு என்ன ஆனது என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தலைவரோடு இருக்கும் உறவு முறிந்துவிடுமோ என்றுதான் தயங்குகிறேன்.