ஆம்பிளையளின்ர களைப்பை வைச்சு நகைச்சுவை நாடகம்: இந்த ஒரு வரிக்கு மட்டும் சனம் சிரிக்கக்கூடாது, என்ன செய்யலாம்?

கடலோர ஒழுங்கை:

வணக்கம். எனக்கு 39 வயசு, கொழும்பில ஒரு கம்பனியில கணக்காளர். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 40 நிமிச நகைச்சுவை நாடகம் ஒண்டு பழகிறம், வெள்ளவத்தையில போடுறதுக்கு. ஒத்திகை இரவு எட்டரைக்குப் பிறகுதான். மாசக் கடைசியில அதுவும் இல்லை.

இடம், ஒரு ஃப்ளாட்டுக்கு முன்னால வாகனம் விடுற முற்றம். இரவு ஒன்பது மணி. நாலு ஆம்பிளையள் வேலையால வந்தும் மேல போகாமல் காருக்குள்ளயே இருக்கினம். ஒருத்தரை ஒருத்தர் கண்டதும் நாலு பேரும் போனைக் காதில வைச்சு ஏதோ பெரிய விசயம் கதைக்கிற மாதிரி நடிக்கினம். ஒருத்தர் "ஓம் சேர், ஓம் சேர்" எண்டு கொண்டிருக்கேக்க காதிலயே போன் அடிக்குது. மகள். "அப்பா, நான் பல்கனியில நிக்கிறன். ஏன் வரேல்ல?"

இது கற்பனை இல்லை. 2022இல பெற்றோல் வரிசையில இரவிரவாக் கிடந்தனே, அப்ப ஒண்டு விளங்கினது: காருக்குள்ள இருக்கும் மட்டும் ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல. பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் வந்து வரிசை போச்சு, பழக்கம் போகேல்ல. 2023 தையில வருமான வரி கூடிச் சம்பளம் குறைய, பின்னேரத்தில இன்னொரு இடத்துக் கணக்கும் எடுத்தன். இப்ப பத்து மணிக்கு வந்தாலும் கீழ பத்து நிமிசம் இருந்திட்டுத்தான் ஏறுறன்.

பிரச்சினை கடைசிக் காட்சி. நாடகம் முழுக்க "ஒண்டுமில்லை, சும்மா" எண்டு மட்டுமே சொன்ன மனுசன் "எனக்கு ஏலாமல் இருக்கு" எண்டு சொல்லவேணும். ஒத்திகையில எங்கட ஆக்களே அதுக்குச் சிரிக்கினம். நடிக்கிறவரும் கூச்சப்பட்டு, குரலை இழுத்து அழுது பகிடியாக்கிப் போடுறார். குழுவில மூத்தவர், "வரியை வெட்டு, ஒருத்தனுக்குச் சீலை கட்டிவிடு, சனம் விழுந்து சிரிக்கும்" எண்டுறார். நான் மாட்டன். அந்த வரிக்காகத்தான் முழு நாடகத்தையும் எழுதினன். மேடை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய மேடை:

தம்பி, வெட்டாதையும். நான் முப்பது வருசம் மேடையில நிண்டவன். அந்த வரியைச் சபையைப் பாத்துச் சொன்னால் சனம் சிரிக்கத்தான் செய்யும். 35 நிமிசமா நீர்தானே அப்பிடிப் பழக்கினனீர். கைக்கு ஒரு வேலை குடும். சாப்பாட்டுப் பெட்டியின்ர மூடி பொருந்தேல்ல. அதோட மாரடிச்சுக்கொண்டு, மூடிக்குச் சொல்லுற மாதிரி மெல்லமாச் சொல்லட்டும். சனம் முதல் மூடிக்குச் சிரிக்கும், பிறகு தானா அடங்கும். மற்ற மூண்டு பேரும் அசையக்கூடாது. ஒருத்தர் தலையாட்டினாலும் போச்சு.

சீலைக் கதைக்குப் போகவே வேண்டாம். இலங்கை வானொலியில 'கோமாளிகளின் கும்மாளம்' எண்ட நகைச்சுவை நாடகம் போன காலத்தில, அதில வாற ஆக்களில அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், மரிக்கார் முஸ்லிம் ஆக்களின்ர தமிழ், உபாலி சிங்களவர் கதைக்கிற தமிழ். பேச்சிலயே வயிறு நொந்தது. உம்மட நாலு பேரும் ஒரே மாதிரியோ கதைக்கினம்?

தெஹிவளை அக்கா:

தம்பி, வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். என்ர மனுசனும் இப்பிடித்தான். நான் பல்கனியில நிண்டு கார் லைற் நூருறதைப் பாக்கிறனான். இவ்வளவு நாளும் கேட்டதில்லை, கேட்டால் அந்தப் பத்து நிமிசமும் இல்லாமல் போயிடும் எண்டு.

ஆனால் மேல ஆர் இருக்கினம் எண்டு உங்கட நாடகத்தில ஒரு சொல்லும் இல்லையே. நானும் வேலைக்குப் போறனான். ஐந்தரைக்கு வந்து, சோறு போட்டு, பிள்ளையளுக்குப் பாடம் சொல்லி, அதுக்குள்ள அவர் வந்திடுவார். எனக்குக் கார் இல்லை. என்ர பத்து நிமிசம் குளியலறைக்குள்ள. மூத்தவன் பிறக்கேக்க எனக்கு 84 நாள் லீவு. அவருக்கு ஒரு நாளும் இல்லை. அரச வேலையெண்டால் தகப்பனுக்கு 3 நாள் இருக்கு, தனியாருக்குச் சட்டத்தில அதுவுமில்லை. பிள்ளை பிறந்த அடுத்த நாள் கந்தோருக்குப் போனவர். வீடு எனக்கு, வேலை அவருக்கு எண்டு அண்டைக்கே பிரிஞ்சிட்டுது. மனுசிமாரை மட்டும் பூச்சாண்டி ஆக்கிப்போடாதேங்கோ.

கெய்சர் வீதி:

அண்ணா, நான் புறக்கோட்டையில ஒரு புடவைக் கடையில நிக்கிறன். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 எண்டு இருக்கு. கூட நிண்டால் ஒண்டரை மடங்கு. எங்கட கடையில தீபாவளிக் காலத்தில விடிய எட்டுக்கு நிண்டால் இரவு ஒன்பதாகும், ஒண்டரை மடங்கை நான் கண்டதேயில்லை. உங்கட நாலு பேருக்கும் கார் இருக்கு. என்னை மாதிரி ஆள் 101 பஸ்ஸில தொங்கிக்கொண்டு வாறவன், எங்க போய் இருக்கிறது? ஒராளையாவது படிக்கட்டில இருத்துங்கோ.

கடலோர ஒழுங்கை:

ஐயா, அக்கா, தம்பி, மூண்டு பேருக்கும் நன்றி. நாலாவது காரை எடுத்திட்டன். அந்த ஆள் இப்ப படிக்கட்டில, செருப்பைக் கழட்டிக் காலைத் தடவிக்கொண்டு. "ஏலாமல் இருக்கு" எண்டுறவரும் அவர்தான், சாப்பாட்டுப் பெட்டியும் அவரின்ர கையிலதான். நேற்று மூடியோட பாத்தம். மூத்தவர் முதல் சிரிச்சார், பிறகு எழும்பி வெளியால போட்டார். திரும்பி வந்து சீலைக் கதை எடுக்கேல்ல.

அக்கா, மேல் வீட்டுக் காட்சி ஒண்டும் எழுதுறன். மூடின குளியலறைக் கதவு மட்டும் மேடையில. ஒரு விசயம் கேக்கவேணும்: உள்ளுக்க இருக்கேக்க பைப்பைத் திறந்து விடுவீங்களோ?

தெஹிவளை அக்கா:

ஓம் தம்பி. வாளி நிரம்பின பிறகும் மூடமாட்டன். தண்ணி பில் வந்தால் அவர் பேசுறவர்.