காதலும் வேண்டும், ஆளும் தெரிய வேண்டும்: தமிழில் அப்படி என்ன படிக்கலாம்?

முனிர்க்கா வாசகி கேட்கிறார்:

வணக்கம். நான் கதையை ஆட்களுக்காகப் படிப்பவள். கொலையை யார் செய்தது, சொத்து யாருக்குப் போனது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஒருத்திக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாளா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாளா என்று தெரிந்துவிட்டால் போதும், அவளோடு ஐந்நூறு பக்கம் போவேன். அதில் காதலும் இருந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். தினமும் தில்லி மெட்ரோவில் முனிர்க்காவில் ஏறி, ஹௌஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி குருகிராம் போகிறேன். பெண்கள் பெட்டியில் கதவோரம் சாய்ந்து நின்றபடி வாரத்துக்கு ஒரு நாவலாவது முடித்துவிடுவேன்.

என்னைப் பற்றி ஒன்று சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். எனக்கு இடது காது பிறவியிலிருந்தே கேட்காது. வலது காதில் கருவி வைத்திருக்கிறேன். அதன் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்துப் போட வேண்டும். தீரப் போகிறது என்றால் காதுக்குள் மணி அடிக்கும், சற்று நேரத்தில் உலகம் அடங்கிவிடும். தில்லியில் மழைக்காலம் வந்தால் இரவில் அதை ஈரம் உறிஞ்சும் மணி போட்ட டப்பாவில் வைத்து மூடித்தான் படுக்க வேண்டும்.

இனி தமிழ்க் காதல் கதைகளுக்கு வருகிறேன். எந்தத் தொடர்கதையை எடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் அவன் அவள் காதோரம் குனிந்து கிசுகிசுக்கிறான். பதினைந்து வயதில் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கிசுகிசுப்பு எனக்குக் கேட்காது. அதில் குரல் இல்லை, வெறும் மூச்சுதான். வாய் காதருகே போய்விட்டால் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. போதாக்குறைக்கு, முகமோ கையோ மிக அருகில் வந்தால் கருவி கீச்சென்று கத்தும். அப்படியானால் எனக்குக் காதல் காட்சியே கிடையாதா என்று யோசித்து அழுதிருக்கிறேன்.

போன மாதம் ஓர் ஆங்கில நாவல் படித்தேன். நாயகிக்குக் காது கேட்காது. இரவில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டாள். அவனுக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான். காலையில் அவள் கருவியை மாட்டி, தலைமுடியைச் சரிசெய்து, அவன் பக்கம் திரும்பிய பிறகுதான் வாயைத் திறக்கிறான். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். மறுநாள் மெட்ரோவில் மறுபடியும் படித்தேன்.

இதைத் தமிழில் படிக்க ஆசைப்படுகிறேன். காது மட்டும் இல்லை. சாதி, மதம், உடல், பால், வயது என்று எந்த வகையிலாவது ஊர் ஓரமாக நிறுத்திவைத்த மனிதர்கள் கதையின் நடுவில் வந்து நிற்க வேண்டும். அவர்கள் காதலிக்க வேண்டும், பொறாமைப்பட வேண்டும், சில்லறைக்காகச் சண்டை போட வேண்டும். படிப்பவர் இரக்கப்படுவதற்கென்று படைக்கப்பட்டவர்களாக இருக்கக் கூடாது. முடிந்தால் கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஆர்.கே. புரம் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் கிடைப்பவை என்றால் இன்னும் நல்லது.

---

கரோல் பாக் பழையவன்:

அம்மா, நான் 1971இல் தில்லிக்கு வந்தவன். இருபது வருடம் கரோல் பாக், ஆறு வருடம் லோதி காலனி, இப்போது மயூர் விஹார். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியோடு முழுக்க உடன்படுகிறேன். கடைசிப் பத்தியோடு கொஞ்சம் சண்டை இருக்கிறது.

'மோகமுள்' படித்திருப்பீர்கள். படித்திருந்தாலும் மறுபடி எடுங்கள். அதை எழுதிய தி. ஜானகிராமன் இதே தில்லியில் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர். நாயகன் பாபுவைவிட அவன் காதலிக்கும் யமுனா பத்து வயது மூத்தவள். தமிழும் மராட்டியமும் கலந்த குடும்பம் என்பதாலேயே அவளுக்கு வரன் கூடாமல் போகிறது. நீங்கள் கேட்கும் ஓரத்து மனிதர் அவள். ஆனால் ஜானகிராமன் ஓரத்து மனிதரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. யமுனாவை எழுதினார். அவள் வாசலில் வந்து நிற்கும் தோரணையை எழுதினார். மற்றதெல்லாம் கூடவே வந்தது.

இதுதான் என் சண்டை. இவருக்கு ஓர் இடம், அவருக்கு ஓர் இடம் என்று பட்டியல் போட்டுப் படிக்கத் தொடங்கினால், கதையில் ஆட்கள் போய் அடையாள அட்டைகள்தான் மிஞ்சும். முதலில் ஆள் வரட்டும்.

இன்னொன்று: பெருமாள்முருகனின் 'பூக்குழி'. கடைசிப் பக்கத்து நிபந்தனைக்கு அது ஒத்துவருமா என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே படித்து முடிவு செய்யுங்கள். குமரேசன் கட்டிக்கொண்டு வரும் சரோஜாவின் சாதி என்னவென்று நாவல் ஓரிடத்திலும் பெயர் சொல்வதில்லை. ஊர் முழுக்க அதையேதான் கேட்கிறது, நமக்கு மட்டும் தெரிவதில்லை. படித்துக்கொண்டே போகும்போது, அதைத் தெரிந்துகொள்ள நானும் துடிக்கிறேன் என்று உணர்ந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

---

ஓக்லா காயல்காரி:

எனக்கு ஊர் காயல்பட்டினம். கல்யாணமாகி ஓக்லா வந்து ஒன்பது வருடம். 'முஸ்லிம் பெண்' என்றால் கதையில் ஒன்று பிரியாணி கொடுப்பாள், இல்லாவிட்டால் தலாக் வாங்கி அழுவாள். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. அதில்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் மத்தியான வேளையில் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேசுகிறார்கள். ஆசையைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள், அடுத்தவள் நகையைப் பார்த்து வயிறு எரிகிறார்கள். ராபியா என்ற சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இனிப்பான காதல் கதை இல்லை அக்கா, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆட்கள் உண்டு. வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லாத அளவுக்கு உண்டு.

---

பேர் சராய் மாணவன்:

கரோல் பாக் சார் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஆள் வரட்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் என்னைப் போன்ற ஆள் வரவே இல்லையே சார். நான் ஆணைக் காதலிக்கும் ஆண். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி வயது வந்தவர்களின் ஒருபால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். வீட்டில் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்ததும் அப்பா சானலை மாற்றினார். அந்தக் காட்சி ஒரு தமிழ் நாவலில் வந்தால், அப்பாவின் கட்டைவிரல் ரிமோட்டில் அழுத்தியதை எழுதினால், அது அடையாள அட்டை ஆகாது. அது என் வீட்டுக் கூடம்.

அக்காவுக்கு: சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' தொண்ணூறுகளில் வந்தது. சுயம்பு, மேகலை என்ற திருநங்கையாகும் கதை. திருநங்கைகளை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். அதற்கு எவ்வளவோ முன்பே ஒரு தமிழ் எழுத்தாளர் அவர்களில் ஒருவரை நாவலின் நடுவில் நிறுத்தியிருக்கிறார் என்பதற்காகவே அதை மதிக்கிறேன். ஆனாலும் வெளியிலிருந்து அக்கறையோடு பார்க்கும் ஒருவரின் குரலாகத்தான் எனக்குக் கேட்டது. மேகலை தனியாக இருக்கும்போது எதை நினைத்துச் சிரிப்பாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அந்த ஆசை தீரவில்லை.

---

நரேலா மூன்றாம் மாடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அம்மா ஜங்புராவில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். நான் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், அதனால்தான் இதைத் தமிழில் எழுத முடிகிறது. இங்கே நீங்கள் சொன்ன புத்தகங்களில் ஒன்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

தில்லித் தமிழர் கதை என்று படித்தவற்றிலெல்லாம் ஆபீஸ் போகிறவர்கள்தான் வருகிறார்கள். குவார்ட்டர்ஸ், ஃபைல், மலை மந்திர், மாலையில் காபி. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்க ஒருத்தி வந்து போயிருப்பாள் இல்லையா? அவளும் தமிழ்க்காரியாக இருந்திருப்பாள். அவளுக்குக் காதல் இருந்ததா என்று யாரும் எழுதவில்லையா?

எங்கள் கேம்ப் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்தது. 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. 370 வீடுகள். அதற்கு மாற்றாக நரேலாவில் வீடு கிடைக்கத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது 189 குடும்பங்களுக்குத்தான். எங்கள் பெயர் பட்டியலில் இருந்தது. எதிர்வீட்டுச் சித்தி பெயர் இல்லை. அவர் இப்போது எங்கோ வாடகைக்கு இருக்கிறார், அம்மா தினமும் போன் செய்கிறாள். எல்லோரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

என் வீட்டுக்காரர் பீகார், தர்பங்கா. அவர் கேம்ப்புக்கு வெளியே வண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்தார். எங்களுக்குள் தொடங்கியது எப்படி என்று அம்மாவுக்கு இன்றுவரை சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு அம்மா சம்மதிக்கவே இல்லை. இரண்டு வருடம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வீட்டைக் காலி செய்த நாளில் டெம்போவில் இடம் இல்லை. அம்மாவின் ஆட்டுக்கல்லை விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். மிக்ஸி இருக்கிறது, இனி யார் அரைக்கப் போகிறார்கள். அம்மாவும் சரி என்றாள். சரி என்றுவிட்டு, அதன் குழியில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். அப்பா உயிரோடு இருந்தபோது லஜ்பத் நகர்ப் பக்கம் எங்கோ வாங்கித் தலையில் சுமந்துவந்த கல் அது. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்கவில்லை. கட்டிலை டெம்போவிலிருந்து இறக்கினார், கல்லை ஏற்றினார். நரேலாவில் அதைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அம்மா அவரிடம் முதல் முறையாகப் பேசினாள். "மெதுவா, தம்பி." அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நின்றார்.

கட்டில் போய்விட்டது. இரண்டு மாதம் நாங்கள் பாயில்தான் படுத்தோம்.

கரோல் பாக் ஐயா, நீங்கள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் படுகிறது, ஆள்தான் முதலில். ஆனால் அந்த ஆள் மாடி ஏறும்போது யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே.

---

கரோல் பாக் பழையவன்:

நரேலா மகளே, லோதி காலனியில் குடியிருந்த ஆறு வருடம் எங்கள் வீட்டுக்கு ஓர் அம்மாள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஊர் திண்டிவனம் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கேட்டதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேர் சராய்த் தம்பி, நீங்கள் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

---

முனிர்க்கா வாசகி:

நரேலா அக்காவின் பதிலை மெட்ரோவில் படித்தேன். ஹௌஸ் காஸில் இறங்கவில்லை, கிரீன் பார்க் போய்த் திரும்பிவந்தேன்.

'மோகமுள்' என் அம்மாவின் பிரதி வீட்டில் இருக்கிறது, மறுபடி எடுக்கிறேன். 'பூக்குழி'யும் சல்மாவும் சனிக்கிழமை நூலகத்தில் தேடப் போகிறேன். 'வாடாமல்லி'யை ஒருமுறை தொட்டுவிட்டு வைத்தேன். தம்பி சொன்ன பிறகு முழுதாகப் படிக்கத் தோன்றுகிறது.

கரோல் பாக் சார், பட்டியல் போட்டுப் படிப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு வார்த்தை. என் கருவியை எடுத்துவிட்டு என்னை எழுத முடியாது. நான் எப்போதும் மேசையின் இடது ஓரத்தில் உட்காருவேன், எல்லோரும் என் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக. இருட்டில் சண்டை போட மாட்டேன், விளக்கைப் போட்ட பிறகுதான் போடுவேன், எதிராளியின் உதடு தெரிய வேண்டும் அல்லவா. என் கோபமும் என் காதலும் இப்படித்தான் நடக்கும். அது என் குணம். அடையாளம் வேறு, ஆள் வேறு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அக்கா, ஆட்டுக்கல் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும். அம்மா உள்ளே எழுந்து போன அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் இருவர் பக்கமும் எப்படி இருந்தீர்கள், கட்டிலை இறக்கியபோது உங்களுக்குக் கோபம் வந்ததா, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். எழுத நேரம் இல்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள், நான் தட்டச்சு செய்து தருகிறேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். நரேலாவிலிருந்து ஆர்.கே. புரம் தொலைவுதான், தெரியும். நான் வேண்டுமானாலும் அங்கே வருகிறேன். இல்லை, இந்தப் பக்கம் வேலை இருந்து வருவதாக இருந்தால், அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்குத் தமிழ்ச் சங்க வாசலில் நிற்பேன். என் வலப்பக்கமாக வந்து பேசுங்கள்.